ஜெயிக்க ஜெயிக்க ஏறிய சுமை: ஃபார் லாப் என்ற குதிரையின் கதை

ஓசூர்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சிப்காட், ஷிஃப்ட் பஸ், டிவிஎஸ், அசோக் லேலண்ட், அத்திப்பள்ளி டிராஃபிக். எல்லாமே இன்ஜின் சமாச்சாரம்தான். ஆனா இந்த ஊர்ல 'ஹார்ஸ்பவர்' வளர்க்க ஆரம்பிச்சது இன்ஜின் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. மத்திகிரியில இருக்கிற கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கப்பட்டது. நாட்டு மாட்டுக்காக இல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியோட குதிரைப்படைக்கு குதிரை வளர்க்கறதுக்காக.

கொஞ்ச காலத்துல ராணுவத்துக்குத் தேவையான குதிரைகள் கடல் தாண்டியும் வர ஆரம்பிச்சது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து கப்பல்ல ஏற்றி, மெட்ராஸ், கல்கத்தா துறைமுகங்கள்ல இறக்கினாங்க. 'வேல்ஸ்'லருந்து வந்ததால அந்தக் குதிரைகளுக்குப் பேரே 'வேலர்'. ஒரு நாடு இன்னொரு நாட்டோட படைக்கே குதிரை அனுப்புதுன்னா, அங்க குதிரைன்னா எவ்வளவு உயிர்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ஆஸ்திரேலியாவில், குதிரைப்படைகளோட காலம் முடியற நேரத்துல, ஒரு பந்தயக் குதிரை மொத்த நாட்டோட செல்லப்பிள்ளை ஆச்சு. பேரு ஃபார் லாப். செத்து தொண்ணூறு வருஷம் தாண்டியும் அதைப் பார்க்க மியூசியத்துல கூட்டம் நிக்குது.

இந்தக் கதையில பயோமெக்கானிக்ஸ் இருக்கு, எக்ஸ்ரே இருக்கு, துப்பாக்கிச் சூடு இருக்கு, ஒரு மர்மச் சாவும் இருக்கு. அதைவிட முக்கியமா, ஜெயிக்கிறவனை இந்த உலகம் எப்படி நடத்துதுங்கற ஒரு கேள்வி இருக்கு. வாங்க, முதல்ல இருந்து பார்க்கலாம்.

நேர்ல பார்க்காம வாங்கிய குதிரை

1926 அக்டோபர் 4. நியூசிலாந்தின் டிமாரு ஊருக்குப் பக்கத்துல ஒரு குதிரைக்குட்டி பிறந்தது. அப்பா நைட் ரெய்ட், அம்மா என்ட்ரீட்டி. ரெண்டுமே பெரிய பேர் எடுத்த குதிரைகள் இல்ல.

சிட்னியில ஹாரி டெல்ஃபோர்ட்னு ஒரு பயிற்சியாளர் இருந்தார். கையில காசும் இல்ல, பேரும் இல்ல. ஆனா குதிரைகளோட வம்சாவளியைக் கரைச்சுக் குடிச்சவர். நம்ம ஊர்ல பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடி ஜாதகம் பார்க்கிற மாதிரி, ஏலப் பட்டியல்ல இந்தக் குட்டியோட பரம்பரையைப் பார்த்தே "இது ஓடும்"னு முடிவு பண்ணிட்டார். வாங்கப் பணம்? டேவிட் டேவிஸ்ங்கற அமெரிக்க வியாபாரியைப் பேசிச் சம்மதிக்க வைச்சார். 1928 ஜனவரியில நியூசிலாந்துல நடந்த ஏலத்துல டெல்ஃபோர்டோட சகோதரர் 160 கினிக்கு எடுத்தார். ஒரு கினின்னா ஒரு பவுண்டு, ஒரு ஷில்லிங். நல்ல பந்தயக் குட்டிக்கு அது ரொம்பக் குறைஞ்ச விலை.

குதிரை கப்பல்ல வந்து இறங்கினதும் டேவிஸுக்கு வந்தது பாருங்க கோபம்! ஒல்லியான உடம்பு, மூஞ்சி முழுக்க மரு, நடையும் சரியில்ல. "இதுக்குப் பயிற்சிச் செலவு வேற நான் தரணுமா?"ங்கற நிலைமை. கடைசியில ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. மூணு வருஷத்துக்குக் குதிரை டெல்ஃபோர்டுக்குக் குத்தகை. செலவெல்லாம் அவரோடது. ஜெயிக்கிற பணத்துல மூணுல ரெண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு டேவிஸுக்கு.

பேர் வைச்ச கதையும் சுவாரஸ்யம். ஆப்ரி பிங்ங்கற மருத்துவ மாணவர்தான் ஐடியா கொடுத்தவர். தாய் மொழியிலும் அதோட உறவுள்ள தென் சீனத்து ஷுவாங் மொழியிலும் மின்னலைக் குறிக்கிற சொல் அது. ஆக, நம்ம ஹீரோவுக்குப் பேரு மின்னல். பேர் வைச்சது ஒரு காலேஜ் பையன்.

முதல்ல எல்லாமே அரியர்

மின்னல்னு பேர் வைச்சா போதுமா? 1929 பிப்ரவரியில முதல் பந்தயம். கடைசி இடம்! முதல் நாலு பந்தயத்துலயும் பரிசு வாங்கற இடத்துக்கே வரல. நம்ம பாஷையில சொன்னா நாலு பேப்பரும் அரியர். அஞ்சாவதுல, 1929 ஏப்ரல் 27-ம் தேதி சிட்னி ரோஸ்ஹில் மைதானத்துல, முதல் வெற்றி.

டெல்ஃபோர்டோட பயிற்சி ரொம்பக் கடுமையா இருந்தது. மணல் மேடுகள்ல ஏறி இறங்கி ஓட விட்டார். சதை வளரணும், கவனம் சிதறக்கூடாதுன்னு குட்டியிலயே காயடிச்சாச்சு. அதனால ஃபார் லாபுக்கு வாரிசே கிடையாது. குதிரையோட தோள் உயரம் 17 கை, அதாவது சுமார் 173 சென்டிமீட்டர். நம்மில் பல பேரோட உச்சந்தலை அதன் முதுகுக்கு மேல தெரியாது!

அந்த வருஷக் கடைசியில சிட்னி டெர்பி, விக்டோரியா டெர்பி ரெண்டையும் ஜெயிச்சது. அதுக்கப்புறம் நடந்தது சரித்திரம். 1929 செப்டம்பர்லருந்து 1932 மார்ச் வரைக்கும் 41 பந்தயம். அதுல 36 வெற்றி. மொத்த வாழ்க்கைக் கணக்கு 51 பந்தயம், 37 வெற்றி.

உள்ளே இருக்கும் இன்ஜின்

ஒரு பந்தயக் குதிரை எப்படி இவ்வளவு வேகமா ஓடுது? கொஞ்சம் பானெட்டைத் திறந்து பார்ப்போம்.

சும்மா நிக்கும்போது குதிரையோட இதயம் நிமிஷத்துக்கு 30 முதல் 40 தடவைதான் துடிக்கும். முழு வேகத்துல ஓடும்போது அது 220-ஐத் தாண்டும். நம்ம இதயம் ஓய்வுல 70, உச்சத்துல 190-200. அதாவது நாம மூணு மடங்கு கூட்டறதுக்குள்ள குதிரை ஆறு மடங்கு கூட்டிடும்.

இன்னொரு விஷயம் மண்ணீரல். குதிரையோட மண்ணீரல் ஒரு 'ரிசர்வ் டேங்க்'. சிவப்பணுக்களைச் சேர்த்து வைச்சுக்கிட்டு, ஓட ஆரம்பிச்சதும் சுருங்கி, எல்லாத்தையும் ரத்தத்துல கொட்டிடும். ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு சுமார் 40 சதவீதத்துலருந்து 60 சதவீதம் வரைக்கும் ஏறும். விளையாட்டு வீரர்கள் ஊக்க மருந்து போட்டு திருட்டுத்தனமா செய்யறதை, குதிரையோட உடம்பு இயற்கையாவே செய்யுது.

மூச்சு? நாலுகால் பாய்ச்சல்ல ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. பிஸ்டனும் வால்வும் டைமிங்ல ஓடற மாதிரி காலும் நுரையீரலும் பூட்டின மாதிரி இயங்கும். இஷ்டத்துக்கு ரெண்டு மூச்சு கூட இழுக்க முடியாது.

இதெல்லாம் எல்லாக் குதிரைக்கும் பொது. ஃபார் லாபோட ஸ்பெஷல் என்னன்னா, செத்த பிறகு எடுத்த இதயத்தோட எடை 6.2 கிலோ. சாதாரண குதிரைக்கு சுமார் 3.2 கிலோ. கிட்டத்தட்ட டபுள். பம்ப் பெருசா இருந்தா ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் போகும், தசைக்கு அதிக ஆக்சிஜன் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில இன்னைக்கும் தைரியமான ஆளைப் பாராட்டணும்னா, "ஃபார் லாப் மாதிரி பெரிய இதயம்"னு சொல்வாங்க.

ஜெயிச்சதுக்குத் தண்டனையா?

இப்போ கதையோட முக்கியமான இடத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் எருது விடும் விழா பார்த்திருப்பீங்க. அங்க காளை தனியா ஓடும். குறிப்பிட்ட தூரத்தை எத்தனை செகண்ட்ல கடந்ததுன்னு நேரம் குறிப்பாங்க. குறைஞ்ச நேரம் எடுத்த காளைக்கு முதல் பரிசு. போன வருஷம் ஜெயிச்ச காளைங்கறதுக்காக இந்த வருஷம் யாரும் அதன் முதுகுல மூட்டை ஏத்த மாட்டாங்க.

ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய பந்தயமான மெல்போர்ன் கப்ல அதுதான் நடக்கும்! அது ஒரு 'ஹேண்டிகேப்' பந்தயம். எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்கணும்னு முடிவு பண்ண ஒரு அதிகாரி இருப்பார். நல்லா ஓடற குதிரைக்கு அதிக எடை, சுமாரா ஓடற குதிரைக்குக் குறைஞ்ச எடை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்கு வரலைன்னா சேணத்துல ஈயத் தகடு வைச்சு நிரப்புவாங்க. எல்லாக் குதிரையும் ஒரே நேரத்துல கோட்டைத் தொடணும்ங்கறதுதான் அந்த அதிகாரியோட லட்சியம். யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சா கூட்டமும் வராது, பந்தயப் பணமும் வராது இல்லையா?

1930 மெல்போர்ன் கப்ல ஃபார் லாபுக்குக் கொடுத்த சுமை சுமார் 62.5 கிலோ. தூரம் ரெண்டு மைல், அதாவது சுமார் 3,200 மீட்டர். இந்த எடையோட எப்படி ஜெயிக்கும்னு யாரும் கேட்கல. எல்லாருமே அதுதான் ஜெயிக்கும்னு பணம் கட்டியிருந்தாங்க. அங்கதான் ஆபத்து ஆரம்பிச்சது. முந்தின மாசம் நடந்த காஃல்ஃபீல்ட் கப்பையும் மெல்போர்ன் கப்பையும் சேர்த்து கட்டற 'டபுள்' பந்தயத்துல, ஃபார் லாப் ஜெயிச்சா புக்கிகள் பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 1, சனிக்கிழமை காலை. பயிற்சி முடிஞ்சு திரும்பிட்டிருந்த குதிரையை நோக்கி ஒரு கார்ல இருந்து துப்பாக்கியால சுட்டாங்க. கூட இருந்த பராமரிப்பாளர் டாமி உட்காக் சட்டுனு குதிரையைத் தடுத்துக் காப்பாத்தினார். குண்டு படல. அன்னைக்கு மத்தியானமே ஃபார் லாப் ஒரு பந்தயத்துல ஓடி ஜெயிச்சது! அப்புறம் ஜீலாங் பக்கம் கொண்டுபோய் ஒளிச்சு வைச்சாங்க. நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை, ஜிம் பைக் சவாரி செய்ய, மெல்போர்ன் கப்பை மூணு குதிரை நீள வித்தியாசத்துல ஜெயிச்சது. அதே வாரம் 6-ம் தேதி ஒண்ணு, 8-ம் தேதி ஒண்ணு. எட்டு நாள்ல நாலு பந்தயம், நாலும் வெற்றி.

அடுத்த வருஷம் என்ன பண்ணாங்க தெரியுமா? 1931 மெல்போர்ன் கப்புக்கு சுமையை 68 கிலோவா ஏத்தினாங்க. 500 கிலோ குதிரைக்கு 68 கிலோ என்ன பெருசுன்னு தோணலாம். கணக்கைப் போட்டுப் பாருங்க. 60 கிலோ இருக்கிற ஒருத்தர், முதுகுல 8 கிலோ பையை மாட்டிக்கிட்டு 3,200 மீட்டர் முழு வேகத்துல ஓடணும். பக்கத்துல ஓடறவரோட பையில 5 கிலோவோ 6 கிலோவோதான். அந்த வருஷம் ஜெயிச்ச வைட் நோஸ் குதிரை, ஃபார் லாபைவிட 20 கிலோவுக்கும் மேல குறைஞ்ச சுமையோட ஓடினது. ஃபார் லாப் எட்டாவது இடம்.

சாம்பியனை வேற குதிரை தோற்கடிக்கல. ஈயத் தகடு தோற்கடிச்சது. அந்தத் தோல்விக்கு அப்புறம் மக்களுக்கு அது மேல பாசம் கூடித்தான் போச்சு.

ஏன் அவ்வளவு பாசம்?

காலத்தைப் பாருங்க. 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிஞ்சது. 1932 வாக்குல ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு வேலை இல்ல. நம்ம ஊர்ல கம்பெனி கேட்ல 'வேலை இல்லை' போர்டு தொங்கினா எப்படியிருக்கும்? ஒரு நாடு முழுக்க அந்த போர்டு.

அந்த நேரத்துல 160 கினிக்கு வாங்கின, மூஞ்சியெல்லாம் மருவோட வந்த, கடைசி இடத்துல ஆரம்பிச்ச ஒரு குதிரை வாராவாரம் ஜெயிக்குது. பணக்காரங்க பல மடங்கு விலை கொடுத்து வாங்கின குதிரையெல்லாம் பின்னாடி வருது. வேலையில்லாதவனுக்கு அது குதிரையா தெரியல, தன்னோட ஆளா தெரிஞ்சது.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. அதே வேலையில்லாத ஆட்கள்தான் கையில இருந்த கடைசி ஷில்லிங்கையும் பந்தயத்துல கட்டினாங்க. குதிரையைச் சுட வந்த துப்பாக்கிக்குப் பின்னாடி இருந்ததும் அந்தப் பணம்தான். இந்தச் சண்டை நம்ம மாநிலத்துக்கும் புதுசில்ல. 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் முக்கியமா திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் இல்லன்னு நீதிமன்றம் சொன்னது. ஓடற குதிரைக்கும் ஓட்டற ஜாக்கிக்கும் அது திறமைதான். கட்டறவன் வீட்டு அரிசிப் பானைக்கு அந்தத் தீர்ப்பு செல்லுமாங்கறது வேற கேள்வி.

கடைசி ஓட்டம்

உள்ளூர்ல இனி சுமை ஏறிக்கிட்டேதான் போகும்னு தெரிஞ்சதும், குதிரையை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார் டேவிஸ். டெல்ஃபோர்ட் வரல. உட்காக்தான் பயிற்சியாளர். குதிரையை 'பாபி'ன்னு கூப்பிட்டு, லாயத்துக்கு வெளியிலயே படுத்துத் தூங்கின மனுஷன் அவர். அவர் கையால கொடுக்காத தீனியை குதிரை தொடாதுன்னு சொல்வாங்க.

1932 மார்ச் 20, மெக்சிகோவின் டிஹுவானா. அகுவா காலியென்டே ஹேண்டிகேப் பந்தயம். நீண்ட கப்பல் பயணம், பழக்கமில்லாத மண் தரை, குளம்புல வெடிப்பு, 58 கிலோவுக்கு மேல சுமை. பின்னாடி இருந்து கிளம்பி எல்லாரையும் தாண்டி, அந்த மைதானத்தோட சாதனை நேரத்தையும் உடைச்சு ஜெயிச்சது. அதுதான் கடைசி.

சரியா 16 நாள் கழிச்சு, ஏப்ரல் 5-ம் தேதி, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்ல ஃபார் லாபுக்குக் காலையில கடும் வலி, காய்ச்சல். சில மணி நேரத்துல ரத்தம் கக்கி, உட்காக் கண் முன்னாடியே செத்துப்போச்சு. வயசு ஆறு கூட முடியல. விஷம் வைச்சுட்டாங்கன்னு நாடே கொதிச்சது. குடல் நோயா இருக்கலாம்னு சில மருத்துவர்கள் சொன்னாங்க. விவாதம் எழுபது வருஷத்துக்கு மேல ஓடினது.

முடி சொன்ன சாட்சி

இனி நம்ம ஏரியா. பதப்படுத்தி வைச்ச தோல்லருந்து பிடரி முடி சிலதை எடுத்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிகாகோ பக்கத்துல இருக்கிற ஆர்கான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாங்க. அங்க சிங்க்ரோட்ரான் இருக்கு. எலக்ட்ரான்களை ஒளி வேகத்துக்குப் பக்கத்துல வட்டமா சுத்தவிட்டா, பாதை வளையற இடத்துல மிகச் சக்தியான எக்ஸ்ரே வெளிவரும். அதை முடி மேல பாய்ச்சினா, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்ல எக்ஸ்ரேயைத் திருப்பி உமிழும். கைரேகை மாதிரி. எந்த இடத்துல எந்தத் தனிமம், எந்த வேதி வடிவத்துல இருக்குன்னு மைக்ரான் அளவுல வரைபடம் போட்டுடலாம்.

சிக்கல் என்னன்னா, அந்தக் காலத்துல தோலைப் பதப்படுத்தவே ஆர்செனிக், அதாவது பாஷாணம், போடுவாங்க. அப்போ கண்டுபிடிக்கிற ஆர்செனிக் வெளியில பூசினதா, உள்ளே போனதா? இதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் சிங்க்ரோட்ரான். சாப்பிட்டு ரத்தம் வழியா வந்த ஆர்செனிக், முடியோட வேர்ப் பகுதியில வேற இடத்துல, வேற வேதி வடிவத்துல உட்காரும். முடி வளர்ற வேகம் தெரியும். அதனால வேர்லருந்து தூரத்தை அளந்தா நேரம் தெரியும். முடி ஒரு டேட்டா லாகர்!

2008-ல் அறிவிச்ச முடிவு: சாகறதுக்கு 30 முதல் 40 மணி நேரம் முன்னாடி பெரிய அளவு ஆர்செனிக் உள்ளே போயிருக்கு. யாராவது வேணும்னே கொடுத்தாங்களா? அந்தக் காலத்துல குதிரைக்குத் தெம்பு வரணும்னு கொடுத்த 'டானிக்'லயே ஆர்செனிக் கலப்பாங்க. டெல்ஃபோர்டோட கைப்பட எழுதின டானிக் குறிப்புப் புத்தகத்துலயும் அது இருக்கு. எதிரி வைச்ச விஷமா, ஓட வைக்கணும்னு பக்கத்துல இருந்தவங்க கொடுத்த மருந்து அளவு மீறினதாங்கறதை முடி சொல்லாது.

செத்த பிறகும் அதை விடல. தோல் மெல்போர்ன் மியூசியத்துல, எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டன்ல, இதயம் கான்பெராவில. 2010-ல் மெல்போர்ன் கப்போட 150-வது பந்தயத்தை ஒட்டித்தான் எலும்பும் தோலும் சில மாசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்துச்சு.

சரி, இதுல நமக்கு என்ன?

ஹேண்டிகேப் ஒரு கெட்ட விதின்னு சொல்லிட முடியாது. சுமாரான குதிரைக்கும் வாய்ப்பு கிடைக்கணும்ல. ஆனா அந்த விதி குதிரையைக் கேட்டு எழுதினது இல்ல. கூட்டமும் பணமும் குறையக்கூடாதுன்னு எழுதினது. அந்தச் சுமையை நாமளும் பார்த்திருக்கோம். நாலு பேர் இருக்கிற ப்ராஜெக்ட் பேட்ச்ல ஒருத்தன் நல்லா கோடிங் பண்றான்னா, ரிப்போர்ட், பிபிடி, டெமோ எல்லாம் அவன் தலையில. "நீதான்டா செம்மையா பண்ணுவ"ன்னு ஒரு பாராட்டு, கூடவே இன்னொரு மூட்டை. சிம்போசியம் வந்தா அதே பொண்ணு, அதே பையன். நாளைக்கு சிப்காட்ல வேலைக்குப் போனாலும் வேகமா முடிக்கிறவன் லைனுக்குத்தான் டார்கெட் ஏறும்.

ஃபார் லாபுக்கு "68 கிலோ முடியாது"ன்னு சொல்ல வாய் இல்ல. நமக்கு இருக்கு. அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க பேட்ச்ல யார் முதுகுல எவ்வளவு ஏறியிருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஒருத்தர் முதுகுலயே எல்லாம் இருந்தா, ரெண்டு தகட்டை எடுத்து உங்க பையில போட்டுக்கோங்க.